நிகாஹ் வீட்டுப் பாடல்: வாத்தியமா, வெறுங்குரலா, தஃபா?

அண்மையில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகாஹில், வலீமா என்னும் திருமண விருந்தின்போது எவ்வகைப் பாடல் ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெண் வீட்டார் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஷாஃபிஈகள். மாப்பிள்ளை வீட்டார் உள்மாவட்டத்து ஹனஃபிகள். இவை இரண்டும் மார்க்கச் சட்டத்தில் சுன்னி முஸ்லிம்கள் பின்பற்றும் நான்கு மத்ஹபுகளில் (சட்ட வழிகளில்) அடங்கியவை. இரு பக்கத்திலும், மத்ஹபு நூல்களைக் காட்டினால் போதாது, குர்ஆனிலும் ஹதீஸிலும் (நபிமொழியிலும்) நேரடி ஆதாரம் வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. எதிரில் இருந்த வழிகள் மூன்று: முழு வாத்தியங்களோடு கூடிய இஸ்லாமியப் பாடல், எந்தக் கருவியும் இல்லாத வெறுங்குரல், தஃப் என்னும் ஒருபக்கத் தோற்கருவி மட்டும் ஒலிக்கும் பாடல். நான் மூன்றாவதைத் தேர்ந்தேன். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்லன். ஹஜ்ரத்மார்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவற்றைக் கொண்டே எழுதுகிறேன்.

யாரும் மறுக்காத செய்திகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஆபாசமான சொற்கள், மதுவைப் புகழும் வரிகள், தொழுகை நேரத்தை விழுங்கும் கேளிக்கை ஆகியவை கூடாது என்பதில் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நல்ல கவிதையை ராகத்தோடு பாடுவது அடிப்படையில் ஆகுமானது என்பதிலும் பெரிய சர்ச்சை இல்லை. மதீனாவைக் காக்க அகழ் தோண்டும்போது நபி (ஸல்) அவர்கள் மண் சுமந்தபடியே அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் கவிதை வரிகளைச் சொன்னதும், ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) பள்ளிவாசலிலேயே கவிதை பாடியதும், நபியவர்களின் பயணத்தில் அன்ஜஷா என்பவர் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு பாடியதும் அறியப்பட்ட செய்திகள். தகராறு முழுவதும் கருவியைப் பற்றியது.

முதலில் வாத்தியத்தோடு கூடிய பாடல். தமிழ் முஸ்லிம் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் இந்த வழி மனத்துக்கு மிக நெருக்கமானது. 2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனிபாவின் கம்பீரமான குரல் இல்லாத நோன்பு மாதத்தையோ திருமணப் பந்தலையோ எங்கள் தலைமுறையால் எண்ணிப் பார்க்க இயலாது. அதனாலேயே இந்த வழியை எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இதற்கு ஆதரவான அறிஞர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இமாம் இப்னு ஹஸ்ம், இசைக்கருவிகளைத் தடுப்பதாகக் காட்டப்படும் ஹதீஸ்களில் எதுவும் ஆதாரபூர்வமானதாக நிலைக்கவில்லை என்று வாதிட்டார். கடந்த நூற்றாண்டில் கெய்ரோவின் அல்அஸ்ஹர் கல்வி நிறுவனத்தின் தலைமைப் பதவியில் இருந்த மஹ்மூத் ஷல்தூத், மார்க்க அறிஞர் யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர் நிபந்தனைகளோடு அனுமதித்தனர்: சொற்கள் மார்க்கத்துக்கு முரணாக இருத்தல் கூடாது, பாடும் முறை கிளர்ச்சியூட்டுவதாக இருத்தல் கூடாது, அளவு மீறக் கூடாது, விலக்கப்பட்ட வேறு செயல் அதனோடு சேரக் கூடாது என்பன அந்நிபந்தனைகளின் சாரம்.

எதிர்த்தரப்பின் வலுவும் குறைந்ததன்று. விபசாரம், பட்டு, மது, இசைக்கருவிகள் ஆகியவற்றை ஆகுமானவையாகக் கருதும் கூட்டத்தார் என் சமுதாயத்தில் தோன்றுவர் என்ற ஹதீஸ் புகாரி என்னும் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதன் அறிவிப்புத் தொடர் (யார் யாரிடம் கேட்டார் என்ற வரிசை) அறுபட்டது என்று இப்னு ஹஸ்ம் கூறியதை இமாம் இப்னு ஹஜர் விரிவாக மறுத்து, தொடர் இணைந்திருப்பதை வேறு வழிகளைக் கொண்டும் நிறுவியிருக்கிறார். லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் வரும் ‘வீணான பேச்சு’ பாட்டையே குறிக்கும் என்று நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கியிருக்கிறார். நரம்புக் கருவிகளும் குழல்களும் கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளிலும் மேலோங்கி நிற்கும் நிலைப்பாடு. ஆக, வாத்தியத்தை அனுமதிப்பவர் ஆதாரமற்றவர் அல்லர் என்றாலும், பெரும்பான்மையை விட்டு விலகி நிற்கிறோம் என்பதை அறிந்தே நிற்க வேண்டியவராகிறார். ஒரே மனிதரின் வாழ்விலேயே இக்கருத்து மாறுவதும் உண்டு. 1977இல் இஸ்லாத்தைத் தழுவிய பிரிட்டிஷ் பாடகர் யூசுஃப் இஸ்லாம், புகழின் உச்சியில் இருந்தபோது கிதாரைக் கீழே வைத்துவிட்டு, பின்னர் பல ஆண்டுகள் குரலும் பறையும் மட்டுமே கொண்டு நஷீத் (இஸ்லாமியப் பாடல்) பாடி, 2006இல் மீண்டும் கிதாரோடு இசைத்தொகுப்பு வெளியிட்டார்.

இரண்டாவது வழியான வெறுங்குரலே மார்க்க அடிப்படையில் மிகப் பாதுகாப்பானது என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்ப் பள்ளிகளில் கூட்டமாக அமர்ந்து பைத் (புகழ்ப்பா) ஓதும் மரபு இதற்கு நல்ல சான்று. நன்றாக ஓதத் தெரிந்த பத்துப் பேர் இருந்தால் அதற்கு மேல் ஒரு கருவி தேவை என்றே தோன்றாது. ஆனால் நேரில் பாடுவோர் கிடைக்காமல் ஒலிப்பதிவை நாடும்போது சிக்கல் தொடங்குகிறது. ‘குரல் மட்டும்’ என்று பெயரிட்டு வரும் நஷீத்களில் பலவற்றில் மனிதக் குரலையே கணினியில் இழைத்து, அடுக்கி, வயலின் கூட்டம் போலவும் முரசு போலவும் ஒலிக்கச் செய்கிறார்கள். கேட்பவர் காதில் விழுவது வாத்தியமே. மூலம் குரல் என்பதால் இது ஆகும் என்போரும், விளைவு ஒன்றே என்பதால் ஆகாது என்போரும் உள்ளனர். சர்ச்சையைத் தவிர்க்கவென்று தேர்ந்த வழி இன்னொரு சர்ச்சைக்குள் கொண்டுபோய் விடுகிறது.

தஃபுக்கு வருகிறேன். மற்ற இரண்டுக்கும் இல்லாத சிறப்பு ஒன்று இதற்கு உண்டு: திருமணத்தில் இது ஒலிக்க வேண்டும் என்பதற்கே ஹதீஸ் இருக்கிறது. திருமணத்தில் ஆகுமானதையும் ஆகாததையும் பிரித்துக் காட்டுவது தஃபும் குரலும் என்ற கருத்தில் திர்மிதி, நஸாயீ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் ஒரு ஹதீஸ் வருகிறது. மறைவான உறவன்று, ஊரறிய நடக்கும் நிகாஹ் என்று அறிவிப்பதே அதன் நோக்கம் என்று ஆலிம்கள் விளக்குவர். பெருநாள் அன்று நபியவர்களின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் தஃப் தட்டிப் பாடியபோது அவர்களின் தந்தை அபூபக்ர் (ரலி) கண்டித்ததும், நபி (ஸல்) அவர்கள் ‘அவர்களை விட்டுவிடுங்கள், இது பெருநாள்’ என்று கூறியதும் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி.

ஆனால் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். அவர்களின் மணநாளன்று நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்து அமர்ந்திருக்க, சிறுமியர் தஃப் தட்டி, பத்ர் போரில் கொல்லப்பட்ட தம் முன்னோரை நினைத்துப் பாடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்தி, நாளை நடக்கவிருப்பதை அறியும் நபி எங்களிடையே இருக்கிறார் என்று ஒரு வரியைச் சேர்த்தாள். அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். திருத்தம் விழுந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தஃபை நிறுத்தச் சொல்லவில்லை. பாடலையும் நிறுத்தச் சொல்லவில்லை. மறைவானதை அறியும் ஆற்றலைத் தமக்கு ஏற்றிச் சொன்ன ஒரு வரியை மட்டும் நீக்கினார்கள். கருவியைப் பற்றியே மணிக்கணக்கில் வாதிடும் நாம், பாடலின் சொற்களுக்கு அதில் பாதி நேரம்கூடக் கொடுப்பதில்லை. நாங்கள் பாடல்களைத் தேர்ந்தபோது, நபியவர்களையோ இறைநேசர்களையோ நேரடியாக அழைத்து உதவி கோரும் வரிகள் உள்ளவற்றை ஹஜ்ரத் ஒருவரின் துணையோடு முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். அவ்வரிகளுக்கு விளக்கம் சொல்வோர் உண்டு என்பதை அறிவேன். விருந்து மண்டபம் அந்த விளக்கத்துக்கு ஏற்ற இடமன்று.

இவ்வளவும் இருந்தும், என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வகுத்துக்கொண்ட வரம்பைக் காத்து நிற்பதற்கு எவ்வளவு உழைப்புத் தேவை என்பது. நிபந்தனையோடு கூடிய அனுமதி ஏட்டில் அழகாக இருக்கிறது. நடைமுறையில், ஒவ்வொரு பாடலுக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து, சொல் சரியா, பாடும் முறை சரியா, அளவு மீறிவிட்டதா என்று தீர்ப்பளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்டபத்தில் ஒலிபெருக்கி யாரோ ஒரு தம்பியின் கைபேசியோடு இணைந்திருக்கும். ஓர் இஸ்லாமியப் பாடல் முடிந்ததும் செயலி தானாகவே அடுத்ததைத் தேர்ந்து ஒலிக்கும். மூன்றாவது பாடலில் திரைப்படம் வந்துவிடும். அந்தத் தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. வாத்தியம் ஆகும் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இடத்தில், எந்தக் கணத்தில் எழுந்து நிறுத்த வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தமிழ்ச் சூழலில் இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. நம் இஸ்லாமியப் பாடல்கள் பலவும் திரைப்பாடல்களின் மெட்டிலேயே அமைந்தவை. முன்னிசை தொடங்கியதுமே கூட்டத்தில் பாதிப் பேருக்கு மூலப் பாட்டும் அதன் காட்சியும் நினைவுக்கு வந்துவிடும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா’ நூலில் இசை பற்றிய பகுதியில் சொல்லும் காரணம் இங்கே அப்படியே பொருந்துகிறது. இனிமை என்பதனாலேயே ஒலி விலக்கப்பட்டிருந்தால் குயிலின் குரலும் விலக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற வகையில் வாதிட்டு, நரம்புக் கருவிகள் தடுக்கப்பட்டதற்கு அவை மது அவைகளை நினைவூட்டி அவற்றின்பால் இழுப்பதைக் காரணமாகக் காட்டுகிறார். எதை நினைவூட்டுகிறது என்பதே அவர் அளவுகோலில் ஒன்று என்றால், திரைமெட்டில் அமைந்த நபிப்புகழ் அதில் தேறுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. திரைமெட்டைத் தஃபோடும் பாடலாமே என்று கேட்கலாம், பாடலாம்தான். இடையிசை இல்லாமல் தாளம் மட்டும் இருக்கும்போது அந்த ஈர்ப்புப் பெரிதும் குறைகிறது. அதற்கு மேலும் பைத் மெட்டுகளிலேயே பாடுமாறு நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

தஃபின் வரம்பைக் காக்கத் தனிக் காவல் தேவையில்லை. ஒரு மர வளையம், ஒரு பக்கத் தோல், மனிதக் குரல். இவற்றுக்கு மேல் ஒன்று ஒலித்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். திருமணம் முடிந்த பிறகும் வீட்டில் இதே ஒழுங்கைத் தொடர முடிகிறது என்பது நான் எதிர்பாராத நன்மை. ஆனால் தாளக் கருவி அனைத்தையும் தஃபின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. இமாம் நவவி (ரஹ்) ‘மின்ஹாஜ்’ என்னும் ஷாஃபிஈ சட்ட நூலில் திருமணத்திலும் சுன்னத் வைபவத்திலும் தஃபை அனுமதித்து, பிற சந்தர்ப்பங்களிலும் ஆகும் என்பதே வலுவான கருத்து என்று எழுதிய அதே இடத்தில், நடு ஒடுங்கிய நீண்ட பறை ஒன்றைத் தட்டுவது ஹராம் (மார்க்கத்தில் விலக்கப்பட்டது) என்றும் குறிப்பிடுகிறார். அவ்விவரணை நம் உடுக்கையை நினைவூட்டுகிறது. ஆகவே ‘தாளம் மட்டும்’ என்ற பெயரில் மின்னணு முரசுகள் அதிரும் பதிவுகளை நான் இந்த வழியில் சேர்க்கவில்லை.

ஓரத்தில் உலோகத் தகடுகள் கோத்த தஃபை ஷாஃபிஈ நூல்கள் ஏற்கின்றன. ஹனஃபி நூல்கள் தகடு இல்லாததையே அனுமதிக்கின்றன. தகடு இல்லாத தஃபை வரவழைத்தால் இரு வீட்டாருக்கும் பொருந்திவிடுகிறது. ஹதீஸை மட்டும் கேட்கும் இளைஞர்களும் மறுத்துப் பேச ஒன்றும் இருக்கவில்லை. வாத்தியப் பாடல் வைத்திருந்தால் சிலர் உண்ணாமலேயே எழுந்து போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இத்தேர்வில் எனக்கு முழு நிம்மதி இல்லாத இடமும் ஒன்று உண்டு. மேலே சொன்ன ஹதீஸ்களில் தஃப் தட்டியவர்கள் சிறுமியர். அதைக் கொண்டு தஃப் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஹலீமி கூறினார். பின்னர் வந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் சுப்கி அதை மறுத்து, ஆண்களுக்கும் ஆகும் என்றார். எங்கள் மண்டபத்தில் ஆண்கள் பகுதியில் மத்ரஸா மாணவர்கள் தட்டிப் பாடினார்கள். பெண்கள் பகுதியில் குடும்பத்துச் சிறுமியர் தட்டினார்கள். முன்னதற்குச் சுப்கியின் கருத்தைப் பற்றிக்கொண்டோம். ஹனஃபிப் பெரியவர் ஒருவர் தம் அதிருப்தியை மென்மையாகச் சொன்னார். மறுத்துப் பேச எனக்கு வலுவான வாதம் இருக்கவில்லை. அடுத்த முறை ஆண்கள் பகுதியில் பைத் மட்டும் போதும் என்று முடிவெடுத்தாலும் வியப்பதற்கில்லை.

கவ்வாலி என்னும் சூஃபி இசைப் பாடலை இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்குக் காரணம், அதைப் பதிவுகளில் கேட்டதன்றி ஒரு சமா மஜ்லிஸில் (சூஃபிகளின் பாடல் அவையில்) அமர்ந்த அனுபவம் எனக்கில்லாமைதான். டெல்லியில் சூஃபி ஞானி நிஸாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் காலத்திலேயே சுல்தானின் அவைவரை சென்ற சர்ச்சை அது. அதை ஒரு விருந்து ஏற்பாட்டின் கணக்கில் அளப்பது முறையன்று.

தஃபைச் சீராகத் தட்டத் தெரிந்தவர் கிடைக்காத ஊரில், தப்பும் தவறுமாகத் தட்டுவோரை மேடையேற்றுவதைவிட வெறுங்குரலே மேல். ஓதத் தெரிந்த நான்கு பேர் எந்த ஜமாஅத்திலும் இருப்பார்கள். இரு வீட்டாரும் அனுமதிக்கும் கருத்தையே ஏற்றவர்களாக இருந்து, பாடல்களை முன்கூட்டியே தேர்ந்து, பட்டியலுக்கு வெளியே ஒன்றும் ஒலிக்காதபடி ஒருவரைப் பொறுப்பாக நிறுத்தவும் முடியுமானால், அவர்கள் வாத்தியப் பாடல் வைப்பதை நான் ஹராம் என்று சொல்லப் போவதில்லை. அழைத்தால் போய் உட்கார்ந்து உண்டுவிட்டு வருவேன். என் வீட்டு விருந்துக்கு மட்டும் தகடில்லாத தஃபையே வரவழைப்பேன். பாடல் வரிகளைத் தாளில் எழுதி, பாடப் போகிறவர்களிடம் ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுவேன்.