ரோலண்ட்செக், லாய்ட்கிர்ஷ்: கைவிடப்பட்ட இரண்டு ரயில் நிலையக் கட்டடங்கள் பிழைத்த கதை

ஜெர்மனியின் பான் நகரிலிருந்து வந்த ரயில் பாதை 1856-இல் ரைன் நதிக் கரையிலுள்ள ரோலண்ட்செக்கில் முடிந்தது. பயணிகள் இங்கே இறங்கி நீராவிக் கப்பலுக்கு மாறினார்கள்; சிற்றூருக்கு இவ்வளவு பெரிய நிலையம் வந்தது அதனால்தான். 1858-இல் தண்டவாளம் கோப்லென்ஸ் நகர் வரை நீண்டதும் அந்தத் தேவை போய்விட்டது. பிற்காலத்தில் இடிக்கப்படும் நிலையிலிருந்த கட்டடத்தை 1964-இல் கலை வணிகர் யோஹன்னஸ் வாஸ்முத் கலைக்கூடமாக்கிக் காப்பாற்றினார். 2007-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் வடிவமைத்த, சிற்பி ஹான்ஸ் ஆர்ப்பின் பெயர் தாங்கிய ஆர்ப் அருங்காட்சியகம் மேலே குன்றில் திறந்தது. நிலையத்திலிருந்து சுரங்கவழியில் நடந்து, லிஃப்டில் ஏறி அங்கே போகலாம்.

தென் ஜெர்மனியிலுள்ள லாய்ட்கிர்ஷுக்கு ரயில் வந்தது 1872-இல். அங்கிருந்து மெம்மிங்கன் நகருக்கான பாதை திறந்த 1889-ஆம் ஆண்டைச் சேர்ந்தது நிலையக் கட்டடம். அது பாழடைந்தபோது ஊர்மக்கள் 2010-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பங்கு ஒன்று 1,000 யூரோ. மக்கள் போட்ட பணம் பத்து லட்சம் யூரோவைத் தாண்டியது. 2012 முதல் கீழே உணவகம், மேலே அலுவலகங்கள்.

ரோலண்ட்செக் அழகில் முந்தும். ஆனால் அதற்குப் பிடிவாதமான ஒரு மனிதரும், பின்னர் அரசுப் பணமும் வேண்டியிருந்தன. சாதாரணச் சிற்றூர் பின்பற்றத் தக்கது லாய்ட்கிர்ஷ் வழியே: வாடகை வரும், கட்டடம் ஊர்க்காரர்கள் கையிலேயே இருக்கும். இரண்டிலும் இன்றும் ரயில் நிற்கிறது.