குட்டி வாங்கி வளர்ப்பதா, தாய்ப்பன்றி வைத்துக் குட்டி எடுப்பதா?

பன்றிப் பண்ணையில் இறங்க இரண்டு வழி இருக்கிறது. பால் மறந்த குட்டியை வாங்கி நூறு கிலோ வரை வளர்த்து விற்பது ஒன்று. தாய்ப்பன்றி வைத்து, சொந்தக் குட்டியையே வளர்த்து விற்பது இன்னொன்று. இருபது தாய்ப்பன்றிக்குள் அடங்கும் பண்ணைக்கு, அதிலும் தொடக்கத்தில், முதல் வழிதான் சரி என்பது என் கட்சி. நூறைத் தாண்டினால் அது வேறு தொழில். அங்கே இந்தக் கணக்கு எடுபடாது.

முதலீடு, இடம், ஆள் தேவை எல்லாம் குட்டி வாங்குபவருக்குக் குறைவு என்பது தெரிந்த விஷயம். முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: பால் மறந்த ஒரு குட்டி நமக்கு எத்தனை கிலோ தீவனத்துக்கு அடக்கமாகிறது? பணத்தில் கணக்குப் போட்டால் சந்தை ஏற்ற இறக்கத்தில் குழம்பிவிடும். தீவனக் கிலோவில் போட்டால் தெளிவாக நிற்கும்.

சினைக்காலம் 114 நாள், பால் கொடுப்பது 28 நாள், அடுத்த பருவத்துக்கு, அதாவது மறுபடி இனச்சேர்க்கைக்குத் தயாராகும் நிலைக்கு, வர ஒரு வாரம். ஆக ஒரு சுற்று சுமார் 149 நாள். சினையில் நாளுக்கு 2.2 கிலோ, பால் கொடுக்கும்போது ஐந்தரை கிலோ என்று வைத்தால் ஒரு தாய் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் தின்னும். பத்துத் தாய்க்கு ஓர் ஆண் பன்றி என்றால், அதன் பங்கையும் சேர்த்து 1,100 கிலோ. இதைக் குட்டி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 22 குட்டி பால் மறந்து நின்றால் குட்டிக்கு 50 கிலோ. பதினாறு என்றால் 69. பன்னிரண்டு என்றால் 92. தாய் தின்பது மூன்றிலும் ஒன்றேதான்!

புதியவர்களின் பண்ணையில் 22 சுலபத்தில் வராது. முதல் ஓட்டை பருவத்தைத் தவறவிடுவது. இனச்சேர்க்கை முடிந்து 18-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள் வரை காலையும் மாலையும் பார்க்க வேண்டும். இடுப்புக்கு மேலே இரு கையாலும் அழுத்தும்போது காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் சினை பிடிக்கவில்லை. அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள். நாளுக்கு இரண்டரை கிலோ வீதம் 52 கிலோ தீவனம், அதாவது ஒரு குட்டியின் மொத்த அடக்கவிலை, சும்மா கரைந்துபோகும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தாய்க்குப் போட்டாலும் இதே கதிதான். சில பூஞ்சை நஞ்சு பொய்ப் பருவம் காட்டி ஏமாற்றும்.

அடுத்தது ஈன்ற முதல் மூன்று நாள். தாய் படுக்கும்போது நசுங்கிச் சாகும் குட்டிகளில் பெரும்பாலானவை இந்த நாட்களில்தான் போகின்றன. சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 20-25 சென்டிமீட்டர் தள்ளிக் குழாய்த் தடுப்பு வேண்டும். குட்டிகள் ஒதுங்கும் மூலையில் விளக்குப் போட்டு 32-34 டிகிரி வைக்க வேண்டும். தாய்க்கோ அந்த வெப்பம் ஆகவே ஆகாது. ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால், மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்புச்சத்து ஊசி என்று வேலை நீளும். ஆள் கூலியும் மின்சாரமும் மேலே சொன்ன கணக்கில் இன்னும் சேரவில்லை.

இப்போது வாங்குபவரின் பக்கம். விற்பவர் கேட்கும் குட்டி விலையை ஒரு கிலோ தீவன விலையால் வகுங்கள். விடை எழுபதுக்குக் கீழே வந்தால் தயங்காமல் வாங்கலாம். தொண்ணூறைத் தாண்டிப் பல மாதம் அங்கேயே நின்றால் மட்டும் தாய்ப்பன்றியை யோசிக்கலாம். பன்றி விலை ஏறினால் குட்டி விலையும் ஏறும், அது இந்த வழியின் பலவீனம். ஆனால் விலை விழுந்தால் ஒரு சுற்றுக் கொட்டிலைக் காலியாகப் போட்டுவிடலாம். தாய் வைத்திருப்பவர் அப்படி நிறுத்த முடியாது. இன்று இனச்சேர்க்கை நடந்தால் அந்தக் குட்டி வளர்ந்து சந்தைக்குப் போக சுமார் பத்து மாதம் ஆகும்.

பத்துக் கிலோ குட்டி நூறு கிலோவாக, ஏறும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 2.8 கிலோ வீதம் (இதுதான் தீவன விகிதம்) சுமார் 250 கிலோ தீவனம் தின்னும், நாலரை மாதம் பிடிக்கும். நூறைத் தாண்டியதும் நாளுக்கு மூன்று கிலோ தின்று முக்கால் கிலோதான் ஏறும், அதாவது ஒன்றுக்கு நாலு. நல்ல விலைக்காகக் காத்திருப்பவர்கள் இந்த விகிதத்தை மறந்துவிடுகிறார்கள்.

குட்டி வாங்குவதில் பெரிய ஆபத்து நோய். பல இடத்துக் குட்டிகளை ஒன்றாக விட்டால் ஒவ்வொன்றின் கிருமியும் மற்றதற்குப் போகும். அதனால் ஒரே பண்ணையிலிருந்து, பால் மறந்து ஒரு வாரமாவது ஆகி, உலர்தீவனம் தின்னப் பழகியதை எடுங்கள். வாலடியில் கழிச்சல் கறை, இருமல், தொப்புள் புடைப்பு, ஆறாத காயடிப்புப் புண் இருந்தால் விட்டுவிடுங்கள். வந்ததும் முதல் ஐந்து நாள் விற்றவர் போட்ட அதே தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். உடனே வயிறு நிறையப் போட்டால் கழிச்சல் நிச்சயம். ஒரு தொகுதி முழுவதும் விற்ற பிறகு கொட்டிலைக் கழுவி, காயவிட்டு, ஒரு வாரம் கழித்தே அடுத்ததை ஏற்ற வேண்டும். குட்டி போடும் கொட்டிலும் வளர்ப்புக் கொட்டிலும் ஒட்டியிருக்கும் சிறு பண்ணையில் இந்த இடைவெளியே கிடைக்காது.

உணவகக் கழிவு போட்டால் செலவு குறையும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்த வழியாகவும் நுழையும், அதற்கு மருந்தில்லை. பல நாடுகளில் கழிவு போடுவதற்குச் சட்டப்படியே தடை.

மூன்று தொகுதி தொடர்ந்து 3-க்குக் கீழான தீவன விகிதத்தில் விற்றுவிட்டு, பிறகு தாய்ப்பன்றி வைப்பதானால் ஒன்றில் தொடங்காதீர்கள். குறைந்தது இரண்டையாவது ஒரே வாரத்தில் ஈனும்படி சேர்த்து விடுங்கள். ஒன்றுக்குப் பால் வற்றினால் குட்டிகளை மாற்றிவிட மற்றொரு மடி வேண்டும்.