லினக்ஸ் மின்ட்டோடு நான்கு ஆண்டுகள்

விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாம் என்று முடிவெடுத்ததும் என்னை மிரட்டியது அதன் வகைகளின் பெயர்ப் பட்டியல்தான். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச், மின்ட் என்று நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே கெர்னல்தான், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. மேலே என்னென்ன மென்பொருளைச் சேர்க்கிறார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்பதில்தான் பெரிய வித்தியாசம். இது புரியாமல் ஒரு மாதம் திரைப்பிடிப்புகளை ஒப்பிட்டு எது அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எது எத்தனை ஆண்டு தாங்கும் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

ஃபெடோராவின் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம் ஆதரவு. ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது, புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப்) பதிப்பு 2 ஆண்டுக்கு ஒருமுறை வரும், 5 ஆண்டு ஆதரவு உண்டு. மின்ட் அந்த எல்டிஎஸ்ஸின் மேல்தான் கட்டப்படுகிறது. கற்றுக்கொள்ளும் காலத்தில் அடித்தளம் அடிக்கடி மாறக் கூடாது என்று பட்டது. சரி, மின்ட் என்று முடிவு செய்தேன். ராம் 4 ஜிபிதான் என்பதால், மின்ட்டின் மேசைத்தளங்களில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ.

உடனே நிறுவவில்லை. ஒரு வாரம் லைவ் யூஎஸ்பியிலேயே, அதாவது கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டினேன். மெதுவாகத்தான் இருக்கும், அணைத்தால் செய்த மாற்றமெல்லாம் போய்விடும். ஆனால் வைஃபை, ஒலி, வெப்கேம், மூடியை மூடினால் உறங்குகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் விண்டோஸ் பக்கத்திலேயே நிறுவினேன். மறுநாள் விண்டோஸில் கடிகாரம் சில மணி நேரம் தள்ளி ஓடியது. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஒரே ஒரு கட்டளை, சரியாகிவிட்டது. ஒரு கோளாறின் காரணத்தை நானே தேடிக் கண்டுபிடித்தது அதுதான் முதல் முறை. அன்றைக்கு வந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் நான் இங்கேயே தங்கிவிட்டதற்குக் காரணம், இயங்குதளத்தைப் பழைய நிலைக்கு மீட்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி. ஒருநாள் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிப் பார்த்தேன். மறுபடி தொடங்கியதும் கறுப்புத் திரை. பழைய லைவ் யூஎஸ்பியைச் செருகி, டைம்ஷிஃப்டைத் திறந்து, முந்தைய நாளின் ஸ்னாப்ஷாட்டை (அன்றைய நிலையின் பதிவை) தேர்ந்தெடுத்து மீட்டேன். கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி. அதற்குப் பிறகுதான் பயமில்லாமல் எதையும் நோண்ட ஆரம்பித்தேன். ஒன்று கவனியுங்கள்: இயல்பான அமைப்பில் அது இயங்குதளத்தைத்தான் காக்கும். உங்கள் ஆவணங்களுக்கும் படங்களுக்கும் தனியாக நகல் எடுத்தே ஆக வேண்டும்.

தமிழ்த் தட்டச்சில் சிக்கல் எதுவும் இல்லை. தட்டச்சுக்கு உதவும் ஐபஸ்ஸும் எம்17என் பொதியும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு வந்துவிடும். லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் தமிழ்க் கோப்புகள் நன்றாகவே திறக்கின்றன. பிறர் அனுப்பும் சிக்கலான அட்டவணைகள் மட்டும் சில நேரம் வரிசை குலைந்து வரும்.

2021-ல் மின்ட் 20-ல் தொடங்கியவன், இப்போது 22-ல் இருக்கிறேன். இரண்டு முறையும் மின்ட்டின் சொந்த மேம்பாட்டுக் கருவியாலேயே மாறினேன், புதிதாக நிறுவவில்லை. மடிக்கணினியின் கைரேகை வாசிப்பான் மட்டும் இன்றுவரை வேலை செய்யவில்லை. அந்த லைவ் யூஎஸ்பி வாரத்தில் நான் சோதிக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.