நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியா தேட எது: டென்ஸ்நெட்டா, ரெஸ்நெட்டா, டிரான்ஸ்ஃபார்மரா?

பகுதி நேர முதுகலைப் படிப்பின் இறுதித் திட்டத்துக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டோம். மூவரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். மருத்துவமனைத் தரவு எதுவும் கையில் இல்லை. பொதுவில் கிடைக்கும் படங்கள், சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் என் வீட்டு அறையில் இருக்கும் ஒரு கேமிங் ஜிபியு (கிராஃபிக்ஸ் அட்டை), இவ்வளவுதான் முதலீடு. படங்களைப் பார்த்துக் கற்கும் கணினி வலைப்பின்னல்களான (மாடல்கள் என்போம்) ரெஸ்நெட்-50, டென்ஸ்நெட்-121, விஷன் டிரான்ஸ்ஃபார்மர் மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு டென்ஸ்நெட்டில் நின்றோம். பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இதே தலைப்பை எடுப்பவர்கள் ஆண்டுதோறும் இருப்பதால் எழுதி வைக்கிறேன். என் சார்பு எந்தப் பக்கம் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது, நல்லது.

எல்லோரும் முதலில் கேட்பது துல்லியத்தைத்தான். அதை விரைவாக முடித்துவிடலாம். ஒரே தரவில் பயிற்சி கொடுத்து, அதே தரவிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் சோதித்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பயிற்சி எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் ரேண்டம் எண்ணை மாற்றினாலே அந்த வித்தியாசம் இடம் மாறிவிடும். எனவே "எங்கள் மாடல் அரை விழுக்காடு முந்தியது" என்று யாராவது சொன்னால், எத்தனை முறை ஓட்டினார்கள் என்று கேளுங்கள்.

ரெஸ்நெட்-50 பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. 2015-இல் வந்த கட்டமைப்பு, சுமார் 2.5 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாடல் கற்றுக்கொள்ளும் எண்கள்), எந்தச் சிக்கலுக்கும் யாரோ ஒருவர் ஏற்கெனவே விடை எழுதி வைத்திருப்பார். நினைவகமும் அதிகம் கேட்காது. இந்த வேலைக்கென்று ஒரு தனிச் சிறப்பு அதற்கு இல்லை என்பதால்தான் விட்டோம்.

டென்ஸ்நெட்-121-க்கு அந்தச் சிறப்பு இருக்கிறது. சுமார் 80 லட்சம் அளவுருக்கள்தான், ரெஸ்நெட்-50-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒவ்வோர் அடுக்கும் அதே தொகுதியில் தனக்கு முன்னால் வந்த எல்லா அடுக்குகளின் வெளியீட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வதால், சிறிய உடம்பிலேயே நிறையத் தகவல் தங்குகிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு குழு வெளியிட்ட செக்ஸ்நெட் என்ற நெஞ்சு எக்ஸ்ரே மாடல் இதன் மேல்தான் கட்டப்பட்டது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையம் வெளியிட்ட 1,12,120 படங்கள் கொண்ட தொகுப்பில் பயிற்சி பெற்றது. நிமோனியாவில் அதன் எஃப்1 மதிப்பெண் (தவறவிட்டதையும் பொய் எச்சரிக்கையையும் சேர்த்து எடைபோடுவது, 1 தான் உச்சம்) 0.435, ஒப்பிட்ட நான்கு ரேடியாலஜிஸ்ட்களின் (எக்ஸ்ரே படிக்கும் மருத்துவர்களின்) சராசரி 0.387. அந்த ஒப்பீடு 420 படங்களில்தான் நடந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதன் பிறகு இந்தத் துறையில் டென்ஸ்நெட் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. டார்ச்எக்ஸ்ரேவிஷன் என்ற இலவச நூலகத்தில் நெஞ்சு எக்ஸ்ரேயிலேயே பயிற்சி பெற்ற டென்ஸ்நெட்கள் தயாராகக் கிடைக்கின்றன. பூனை, நாய், கார் படங்களில் பழகிய மாடலிலிருந்து தொடங்குவதைவிட, விலா எலும்பையும் உதரவிதானத்தையும் ஏற்கெனவே பார்த்த மாடலிலிருந்து தொடங்குவது சுலபம். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: அளவுரு குறைவு என்பதால் ஜிபியு நினைவகமும் குறைவாகப் பிடிக்கும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அடுக்குகளை ஒட்டிக்கொண்டே போவதால் பயிற்சியின்போது நினைவகம் நன்றாகவே வீங்கும்.

சரி, இப்போது எங்கள் முடிவை உண்மையில் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். மாடலைப் பயிற்றுவிக்கும் செலவு அல்ல அது. பயிற்றுவித்த பிறகு அதைத் திரும்பத் திரும்பச் சந்தேகப்பட்டுச் சோதித்து, தேவையானால் மறுபடி பயிற்றுவிக்கும் செலவு. பராமரிப்பு என்று சொல்லலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018-இல் பிஎல்ஓஎஸ் மெடிசின் இதழில் வந்த ஆய்வு ஒன்றே போதும். மூன்று இடங்களின் எக்ஸ்ரேக்களை எடுத்து நிமோனியா மாடலைச் சோதித்தார்கள். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனைப் படங்களில் 34.2 விழுக்காட்டில் நிமோனியா, தேசியச் சுகாதார நிலையத்தின் படங்களில் 1.2 விழுக்காடு, இந்தியானாவின் படங்களில் 1 விழுக்காடு. படம் எந்த இடத்தில் எடுத்தது என்பதை மட்டும் கண்டுபிடிக்கச் சொன்னால் வலைப்பின்னல் 99.9 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது. அதாவது நுரையீரலைப் பார்க்காமலே, "இது சைனாய் படம், நோய் இருக்கும்" என்று சொல்லி நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். வெளி மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது 5 ஒப்பீடுகளில் 3-இல் திறன் சரிந்தது. அந்த ஆய்வில் அகப்பட்டுக்கொண்டதும் டென்ஸ்நெட்-121தான். இதை மறைத்துவிட்டு நான் அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. கட்டமைப்பு எதுவாக இருந்தாலும் இந்தக் குறுக்குவழியிலிருந்து அது காப்பாற்றாது.

எங்களுக்கும் இதன் ஒரு வடிவம் கிடைத்தது. மாடல் நிமோனியா என்று அடித்துச் சொன்ன படங்களில் மாடல் படத்தின் எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுத்தது என்று காட்டும் கிராட்-கேம் வெப்ப வரைபடம் தோள்பட்டையிலும் மூலையிலும் சிவந்திருந்தது. எங்களில் ஒருவரின் உறவுக்காரர் ரேடியோகிராஃபர், அதாவது எக்ஸ்ரே எடுப்பவர். காட்டினோம். "தம்பி, இதெல்லாம் கட்டில்ல வச்சே எடுத்த படம். எழுந்து நிக்க முடியாத நோயாளிக்குத்தான் அப்படி எடுப்போம்" என்றார். விஷயம் அங்கேதான் இருந்தது. நடமாடும் கருவியில் முன்னிருந்து பின்னாக எடுத்த படத்தில் இதயம் பெரிதாகத் தெரியும், தோள் எலும்பு நுரையீரல் மேல் விழும், மூலையில் குறியெழுத்து வேறு இடத்தில் இருக்கும். மாடல் நோயைப் பிடிக்கவில்லை, படுக்கையைப் பிடித்திருக்கிறது.

இதைச் சரிசெய்யும் வழிகள் பழையவைதான். படத்தில் உறுப்பின் எல்லையைப் பிரித்துக் காட்டும் யு-நெட் என்ற வலைப்பின்னல் கொண்டு நுரையீரல் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது, மூலைகளை மறைப்பது, இரண்டு விதமான படங்களையும் தனித்தனியாகச் சோதிப்பது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மறுபடி பயிற்சி, மறுபடி சோதனை. டைகாம் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்பில் மோனோகுரோம்1 என்று இருந்தால் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ். அதைத் திருப்பியதும் மறுபடி பயிற்சி. டென்ஸ்நெட்டாக இருந்ததால் இரவில் ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் வேலைக்குப் போகும் முன் முடிவு தெரிந்தது. ஒரே திருத்தத்தை வெவ்வேறு தொடக்க எண்களில் ஓட்டிப் பார்க்கும் தைரியமும் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் அந்தத் தைரியம் போய்விடுகிறது. ஒரு ஓட்டத்துக்கே இவ்வளவு நேரம் என்றால், சந்தேகம் வந்தாலும் "பரவாயில்லை, விடு" என்று மனம் சொல்லும். சோதனை குறையும்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு செய்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நாம் பயன்படுத்தும் பெரிய தொகுப்புகள் எல்லாம் வெளியூர். செக்ஸ்பெர்ட் ஸ்டான்ஃபோர்டு, மிமிக்-சிஎக்ஸ்ஆர் பாஸ்டன், பாட்செஸ்ட் ஸ்பெயின். நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் என்று பார்த்தால் ஹனோயின் வின்டிஆர்-சிஎக்ஸ்ஆர்தான்: 18,000 படங்கள், பயிற்சிப் படம் ஒவ்வொன்றையும் மூன்று ரேடியாலஜிஸ்ட்கள் குறித்தவை. அதை நாங்கள் பயிற்சிக்குத் தொடாமல் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். மூன்று மாடல்களுமே அங்கே இறங்கின, டென்ஸ்நெட்டும் சேர்த்து. ஆனால் ஏன் இறங்கியது என்று துருவிப் பார்க்க எங்களால் முடிந்தது டென்ஸ்நெட்டில் மட்டும்தான்.

மாடல் தரும் மதிப்பெண் எவ்வளவுக்கு மேல் போனால் நோய் இருக்கிறது என்று சொல்லலாம் என்ற வரம்பும் இந்தப் பராமரிப்பில் சேர்த்திதான். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்று வையுங்கள். நோயாளிகளில் 90 விழுக்காட்டையும், நோயில்லாதவர்களில் 90 விழுக்காட்டையும் சரியாகச் சொல்லும் மாடல் ஒன்பது நோயாளிகளைப் பிடிக்கும், கூடவே நோயில்லாத 99 பேரையும் பிடிக்கும். அவசரப் பிரிவில் வைத்த வரம்பை வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனை போன்ற இடத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் புதிதாக வைக்க வேண்டும், கருவி மாறினால் திரும்பப் பார்க்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கும் நியாயம் செய்ய வேண்டும். அடிப்படை அளவிலேயே சுமார் 8.6 கோடி அளவுருக்கள். 224 பிக்சல் படத்தை 16 பிக்சல் சதுரங்களாக வெட்டினால் 196 துண்டுகள், 448-க்குப் போனால் 784. ஒவ்வொரு துண்டையும் மற்ற எல்லாத் துண்டுகளோடும் ஒப்பிடும் கவனக் கணக்கு 16 மடங்காகிறது. நிமோனியாவின் வெண்படலம் பெரிதாக இருப்பதால் 224-இலேயே ஓரளவு தப்பித்துவிடலாம், காசநோயின் சிறு முடிச்சுகளுக்கு அது போதாது. பெரிய கணினி வசதியும், முத்திரையிடாத (என்ன நோய் என்று யாரும் குறிக்காத) லட்சக்கணக்கான எக்ஸ்ரேக்களும் உள்ள ஆய்வகத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர்தான் சரியாக இருக்கலாம். முத்திரை இல்லாமலே பயிற்றுவிக்கும் வழிகளில் அது நன்றாகப் பழகுகிறது. அந்த அளவில் நான் வேலை செய்ததில்லை, அதனால் இந்தப் பத்தியை என் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழந்தைகள் படத்திலும் எனக்கு அனுபவம் இல்லை. இணையத்தில் முதலில் கண்ணில் படும் குவாங்சோ தொகுப்பின் 5,856 படங்களும் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுடையவை. கொவிட் காலத்தில் சிலர் இவற்றை நோயற்றவர் பக்கத்திலும் பெரியவர்களை நோயாளி பக்கத்திலும் வைத்துவிட்டார்கள். மாடல் வயதைக் கற்றுக்கொண்டது. 2021-இல் அந்தக் கால ஆய்வுகளில் 62-ஐ அலசிய கட்டுரை, ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்குத் தகுதியில்லை என்று முடித்தது. எந்தக் கட்டமைப்பை எடுத்தாலும் அந்தத் தொகுப்பைப் பெரியவர்கள் படத்தோடு கலக்காதீர்கள்.

கிளினிக் நடத்துபவர் யாராவது இதைப் படித்தால், இந்த மூன்றில் எதையும் நீங்களே கட்ட வேண்டாம். இங்கே நோயறியும் மென்பொருள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் கீழ் மருத்துவக் கருவியாகவே கருதப்படுகிறது. பதிவானதைத்தான் வாங்க வேண்டும். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் காசநோய்ப் பரிசோதனையில் படம் படிக்கும் மனிதருக்குப் பதிலாக இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொல்லிவிட்டது. விற்க வருபவரிடம் உள்ளே எந்த வலைப்பின்னல் என்று கேட்பதைவிட, உங்கள் எக்ஸ்ரே கருவியில் சோதித்தார்களா, அடுத்த பதிப்பு வரும்போது வரம்பைத் திரும்பப் பார்ப்பது யார், அந்தச் செலவு ஒப்பந்தத்தில் யார் தலையில் என்று கேளுங்கள்.