லாரி, செமி, ஆர்ட்டிக்: பெயர்களைப் புரிந்துகொள்ள இரண்டு டிரக் சிமுலேட்டர்கள்

பெரிய சரக்கு வண்டிக்கு ஆங்கிலத்தில் நாட்டுக்கு நாடு வேறு பெயர். சப்டைட்டில் எழுதுபவர்கள், கையேடு மொழிபெயர்ப்பவர்கள், வெளிநாட்டில் டிரைவர் வேலைக்கு மனுப் போடுபவர்கள் எல்லாரும் இதில்தான் அடிக்கடி சிக்கிக்கொள்கிறார்கள். அகராதியைத் திறந்தால் லாரி, டிரக், செமி மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே விளக்கம் இருக்கும். எந்த வண்டியை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பது வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால்தான் பிடிபடும். அதற்கு வீட்டிலிருந்தபடியே வழி செய்பவை யூரோ டிரக் சிமுலேட்டர் 2, அமெரிக்கன் டிரக் சிமுலேட்டர் ஆகிய இரண்டு கணினி விளையாட்டுகள். முதலாவது 2012இல் வந்தது, அடுத்தது 2016இல். இரண்டையும் செய்தது செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர்.

ஓட்டும் சுகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்ப்பது ஒன்றுதான்: வண்டிகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ள இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? அமெரிக்கன் நன்றாகவே கைகொடுக்கும். யூரோ, வண்டியைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் பிரிட்டனில் அந்த வண்டியை எப்படிச் சொல்கிறார்கள் என்பது அதில் கிடைக்காது.

அமெரிக்கன் டிரக் சிமுலேட்டரில் முதலில் போக வேண்டிய இடம் டிரக் ஷோரூம். கென்வொர்த் டபிள்யூ900, பீட்டர்பில்ட் 389 போன்ற ஒரு வண்டியில் 6x4 சேசிஸைத் (ஆறு சக்கர முனைகளில் நான்கை எஞ்சின் இயக்கும்) தேர்ந்தெடுத்து, இரண்டு ஆக்சில் உள்ள 53 அடி டிரெய்லரை மாட்டிவிட்டு டயர்களை எண்ணுங்கள். முன்னால் 2. பின்னால் இரண்டு டிரைவ் ஆக்சிலிலும் பக்கத்துக்கு இரட்டை டயர் என்பதால் 8. டிரெய்லரில் 8. ஆக மொத்தம் 18. ‘எய்ட்டீன் வீலர்’ என்ற பெயர் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். இதே வேலையை யூரோவில் 4x2 சேசிஸும் மூன்று ஆக்சில் டிரெய்லரும் வைத்துச் செய்தால் வண்டியில் 6 டயர், டிரெய்லரில் ஒற்றை டயர்களாக 6, மொத்தம் 12தான் வரும். ஐரோப்பியக் கதையில் வரும் வண்டியைப் ‘பதினெட்டுச் சக்கர வண்டி’ என்று மொழிபெயர்ப்பது ஏன் தவறு என்பது இந்த ஒரு எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

‘செமி’ என்பது செமி டிரெய்லரின் சுருக்கம். இந்த டிரெய்லருக்கு முன் ஆக்சில் கிடையாது; முன்பக்கப் பாரத்தை இழுக்கும் வண்டியின் மேலுள்ள ‘ஃபிஃப்த் வீல்’ என்ற இணைப்புத் தட்டு தாங்குகிறது. பேச்சில் டிரெய்லரின் பெயரே முழு வண்டிக்கும் ஆகிவிட்டது. டிராக்டர் டிரெய்லர், பிக் ரிக் என்பவையும் அதே வண்டிதான். இதில் வரும் ‘டிராக்டர்’ உழவு டிராக்டர் அல்ல என்பதைத் தமிழில் எழுதும்போது மறக்கக் கூடாது. ‘இழுவை வண்டி’ என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

டிரெய்லரைக் கழற்றிவிட்டு முன்வண்டியை மட்டும் ஓட்டினால் அது ‘பாப்டெயில்’. டிரெய்லர் மாட்டியிருக்கிறது, ஆனால் உள்ளே சரக்கு இல்லை என்றால் ‘டெட்ஹெட்’. இரண்டையும் ‘காலி வண்டி’ என்று ஒன்றாக்கிவிடுவதுதான் மொழிபெயர்ப்புகளில் வழக்கமாக நடக்கும் பிழை. பாப்டெயிலில் பின் ஆக்சில்களின் மேல் பாரம் மிகக் குறைவு. ஈரச் சாலையில் பிரேக் அடித்தால் பின்சக்கரங்கள் எளிதில் பிடியை இழக்கும். விபத்துக் காட்சிக்கு வசனம் எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு அவசியம். சிமுலேட்டரில் மழை நேரத்தில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அமெரிக்க வண்டிக்கு நீண்ட மூக்கு, ஐரோப்பிய வண்டிக்குத் தட்டை முகம். இதற்குக் காரணம் ரசனை அல்ல, சட்டம். அமெரிக்காவில் 1982இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், தேசியச் சாலை வலைப்பின்னலில் முழு வண்டியின் நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு போடுவதைத் தடுத்தது. வரம்பு டிரெய்லரின் நீளத்துக்கு மட்டும் என்றானது. அதற்குப் பிறகு மூக்கைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ செமி டிரெய்லர் வண்டி முழுவதும் 16.5 மீட்டருக்குள் அடங்க வேண்டும். 13.6 மீட்டர் டிரெய்லர் போக மிஞ்சும் இடத்தில் எஞ்சின் மேலேயே கேபினை ஏற்றினால்தான் கணக்கு சரியாகும். ‘கேப் ஓவர்’ என்று தனியாக ஒரு சொல் அமெரிக்கருக்குத் தேவைப்படுகிறது. ஐரோப்பிய டிரைவருக்கு எல்லா வண்டியும் அதுதான்.

அமெரிக்கனின் இன்னொரு பலம் இரட்டை டிரெய்லர்கள். 28 அடி அளவில் இரண்டு குட்டி டிரெய்லர்களை வரிசையாகக் கட்டினால் வெறும் ‘டபுள்ஸ்’. அந்தக் குட்டி டிரெய்லருக்கு ‘பப்’ என்று பெயர். நீளமானது ஒன்றும் குட்டி ஒன்றும் சேர்ந்தால் ‘ராக்கி மவுண்டன் டபுள்’. இரண்டுமே நீளம் என்றால் ‘டர்ன்பைக் டபுள்’. மூன்று குட்டிகள் என்றால் ‘டிரிபிள்ஸ்’. டிரிபிள்ஸ் நெவாடாவில் ஓடலாம், கலிஃபோர்னியாவில் ஓடக் கூடாது. எந்த இணைப்பு எந்த மாநிலத்தில் செல்லும் என்ற தடையை விளையாட்டும் பின்பற்றுகிறது. அடிப்படைப் பதிப்பிலேயே இந்த இரண்டு மாநிலங்களும் இருப்பதால், இதற்காகக் கூடுதல் வரைபடம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அளவு அலகுகளை மைல், பவுண்டுக்கு மாற்றி வையுங்கள். அமெரிக்க டிரைவர்கள் ‘எய்ட்டி தவுசண்ட்’ என்று சொல்வது கூட்டாட்சிச் சாலைகளின் 80,000 பவுண்டு மொத்த எடை வரம்பை, அதாவது சுமார் 36,300 கிலோவை. அதற்குள் ஒரு டேண்டம் ஆக்சிலுக்கு, அதாவது அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஆக்சில்களுக்குச் சேர்த்து, 34,000 பவுண்டு. ‘டன்’ என்று வந்தால் அது எந்த டன் என்று பார்க்க வேண்டும். அமெரிக்க டன் 907 கிலோ, மெட்ரிக் டன் 1,000, பழைய பிரிட்டிஷ் டன் 1,016.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2க்கு வருவோம். வண்டிகளின் வடிவமைப்பில் இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஸ்கேனியா, வால்வோ, டாஃப், மேன் எல்லாம் சேசிஸ் வகை வரை சரியாக இருக்கின்றன. பிரிட்டன் அடிப்படை வரைபடத்திலேயே உண்டு. டோவரில் கப்பலை விட்டு இறங்கியதும் இடதுபுறம் ஓட்ட வேண்டும். வரைபட அளவும் பிரிட்டனுக்கு 1:15, மற்ற ஐரோப்பாவுக்கு 1:19. இவ்வளவு செய்தவர்கள் மொழியில் மட்டும் பொதுவான ஆங்கிலத்தோடு நின்றுவிட்டார்கள். இந்த நிறுவனம் போட்ட தலைப்புகளே இதற்குச் சாட்சி. அமெரிக்கச் சாலைகளுக்கான பழைய வரிசைக்கு ‘18 வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்று அந்த ஊர் வழக்கிலேயே பெயர் வைத்தார்கள். 2010இல் பிரிட்டனுக்கென்றே வெளியிட்டதற்கோ ‘யூகே டிரக் சிமுலேட்டர்’ என்று பெயர். லாரி என்ற சொல் தலைப்பில் கூட இல்லை.

பிரிட்டனில் பொதுமக்கள் சொல்வது லாரி. தொழிலில் இருப்பவர்கள் டிரக் என்றும் சொல்வார்கள், வட இங்கிலாந்தில் ‘வேகன்’ என்பார்கள். தனித்தனியான முன்வண்டியும் டிரெய்லரும் இணைந்து ஓடினால் ‘ஆர்ட்டிக்’. ஆர்ட்டிகுலேட்டட் என்பதன் சுருக்கம். இதைத் துருவப் பகுதியின் பெயரோடு குழப்பி எழுதுவது ஆங்கிலேயர்களிடமே உண்டு. டிரெய்லர் இல்லாமல் ஒரே சேசிஸில் பெட்டி இருந்தால் ‘ரிஜிட்’. அந்த ரிஜிட்டின் பின்னால் முழு டிரெய்லர் ஒன்றைக் கட்டி இழுத்தால் ‘வேகன் அண்ட் டிராக்’. யூரோவில் ஓட்டப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை ஆர்ட்டிக்தான், ஆனால் அந்தச் சொல் உங்களுக்கு விளையாட்டிலிருந்து கிடைக்காது. வெளியே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மொழி கற்க வருபவர்களுக்கு இது பெரிய குறை.

வேலை விளம்பரம் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. எச்ஜிவி (ஹெவி கூட்ஸ் வெஹிக்கிள்) என்றால் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி. எல்ஜிவிக்கு இரண்டு பொருள். ஓட்டுநர் உரிமத்தில் அது ‘லார்ஜ் கூட்ஸ் வெஹிக்கிள்’, அதாவது பெரிய வண்டி. அரசின் போக்குவரத்துப் புள்ளிவிவரத்தில் ‘லைட் கூட்ஸ் வெஹிக்கிள்’, அதாவது வேன். நேர்மாறான இரண்டு பொருளுக்கு ஒரே சுருக்கம். ‘கிளாஸ் 1 டிரைவர் தேவை’ என்றால் ஆர்ட்டிக் ஓட்டத் தெரிந்தவர், ‘கிளாஸ் 2’ என்றால் ரிஜிட் ஓட்டுபவர். உரிம அட்டையில் இவை முறையே சிஇ, சி என்று இருக்கும். அமெரிக்காவில் ‘கிளாஸ் ஏ’ என்பது உரிமத்தின் வகை. அங்கே ‘கிளாஸ் 8’ என்பது உரிமமே அல்ல. 33,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடைத் தகுதி உள்ள வண்டியின் வகை.

டிரெய்லர் பட்டியலில் மட்டும் யூரோவின் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் தார்ப்பாய்த் திரை ஓடும் டிரெய்லர் ‘கர்ட்டன்சைடர்’, தாழ்தளம் உள்ளது ‘லோ லோடர்’. அமெரிக்கனில் அதே தாழ்தள டிரெய்லர் ‘லோபாய்’. மண் கொட்டும் வண்டி பிரிட்டனில் ‘டிப்பர்’, அமெரிக்காவில் ‘டம்ப் டிரக்’. குளிர்பதன டிரெய்லருக்கு அமெரிக்கர் ‘ரீஃபர்’ என்பார், பிரிட்டிஷ் டிரைவர் ‘ஃபிரிட்ஜ்’ என்பார்.

இரண்டு விளையாட்டுகளும் வேகமாகக் கடந்துபோகும் இடம் டிரெய்லர் மாட்டும் வேலை. இயல்பு அமைப்பில் பின்னால் வந்து நின்று ஒரு விசையை அழுத்தினால் போதும். நிஜத்தில் சொற்கள் குவிந்து கிடப்பது அங்கேதான். பின்னால் எடுத்து, டிரெய்லரின் அடியில் நீட்டியிருக்கும் ‘கிங்பின்’ என்ற முளையை ஃபிஃப்த் வீலின் தாடைக்குள் பூட்ட வேண்டும். டிரெய்லர் அளவுக்கு மேல் உயரமாக நின்றால் கிங்பின் தாடைக்கு மேலே உட்கார்ந்துவிடும். பூட்டியது போலத் தெரிந்து, வண்டி நகர்ந்ததும் டிரெய்லர் தரையில் விழும். அதனால்தான் டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே மெதுவாக முன்னால் இழுத்துச் சோதிக்கிறார்கள். இதற்கு இரு நாட்டிலும் ‘டக் டெஸ்ட்’. பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் சுருள் குழாய் பிரிட்டனில் ‘சூசி’. குழாய் நுனியில் இருக்கும் இணைப்பு அமெரிக்காவில் ‘கிளாட் ஹேண்ட்’. டிரெய்லரைத் தாங்கும் முன்கால்கள் அமெரிக்காவில் ‘லேண்டிங் கியர்’, பிரிட்டனில் ‘லேண்டிங் லெக்ஸ்’. புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் யூரியாக் கரைசல் அமெரிக்காவில் டிஇஎஃப், ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆட்ப்ளூ.

வேலை நேர விதிகளைக் கற்க இவற்றை நம்ப வேண்டாம். சோர்வைக் காட்ட ஒரு எளிய கடிகாரம் இருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய விதியில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. அமெரிக்க விதியில் 14 மணி நேர வேலைச் சாளரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டிய பின் 30 நிமிட இடைவேளை கட்டாயம்.

‘ரோடு டிரெயின்’ என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை. ஐரோப்பியச் சட்டத்தில் அது ரிஜிட்டும் டிரெய்லரும் சேர்ந்த வண்டி, நீளம் 18.75 மீட்டர் வரை. பிரிட்டிஷ் டிரைவரின் வேகன் அண்ட் டிராக் இதேதான். ஆஸ்திரேலியாவில் அதே சொல்லுக்கு 53.5 மீட்டர் வரை போகும் வரிசை என்று பொருள். ஒரு சொல்லை வைத்து மொழிபெயர்த்தால் வண்டி மூன்று மடங்கு நீண்டுவிடும். ஆஸ்திரேலியர்கள் முன்வண்டியைப் ‘பிரைம் மூவர்’ என்கிறார்கள். முதல் டிரெய்லரின் பின்பகுதியிலேயே ஃபிஃப்த் வீல் வைத்து, இரண்டாவதை அதன்மேல் ஏற்றினால் ‘பி டபுள்’. கனடாவில் அதுவே ‘பி டிரெயின்’, தென்னாப்பிரிக்காவில் ‘இன்டர்லிங்க்’. தென்னாப்பிரிக்காவில் முன்வண்டிக்கு ‘ஹார்ஸ்’ என்று பெயர். இந்தியாவில் ‘16 வீலர்’ என்றால் டிரெய்லரே இல்லாத ஐந்து ஆக்சில் ரிஜிட் லாரி. அமெரிக்கப் பதினெட்டைவிட இரண்டு டயர் குறைந்த வண்டி என்று அதை எண்ணிவிடக் கூடாது.

மொழிபெயர்ப்புக்காக ஒன்று மட்டும் வாங்குவதென்றால் அமெரிக்கனின் அடிப்படைப் பதிப்பு போதும். பிரிட்டிஷ் உரைகளில் வேலை செய்பவர்கள் யூரோவை வண்டியின் வடிவத்துக்காக வாங்கலாம். ஆஸ்திரேலிய உரை கைக்கு வந்தால் இரண்டுமே உதவாது. அந்நாட்டுக் கனரக வாகன ஒழுங்குமுறை அமைப்பான என்எச்விஆர், ஒவ்வொரு இணைப்பு வகையையும் படத்தோடும் நீளத்தோடும் எடையோடும் அட்டவணையாக வெளியிடுகிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.