சாமிக்கா, உங்களுக்கா? உறையூர்ச் சுருட்டோடு 11 வருடம்

திருச்சியில் நான் சுருட்டு வாங்கும் கடையில் புதிதாக யார் போய்க் கேட்டாலும் திரும்பி வரும் கேள்வி ஒன்றுதான்: "சாமிக்கா, உங்களுக்கா?" கருப்பண்ணசாமிக்கும் முனியாண்டிக்கும் படையலுக்கு வாங்க வருகிறவர்கள்தான் அங்கே பாதிக்கு மேல். சாமிக்கு என்றால் தடியாக, பார்வைக்கு எடுப்பாக ஒன்றை எடுத்துத் தருவார். "எனக்குத்தான்" என்று சொன்னால் கீழ்த்தட்டிலிருந்து வேறொரு கட்டு வெளியே வரும். சுண்டுவிரல் தடிமன், நாலு அங்குல நீளம், இரண்டு முனையும் வெட்டி விட்டது. பட்டை கிடையாது, பெயர் கிடையாது. ஒன்று ஏறக்குறைய ஒரு டீ விலை. 2014-லிருந்து நான் பிடிப்பது இந்தச் சின்னச் சுருட்டைத்தான்.

எனக்கு எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் தொழில். உறையூரில் ஒரு பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றப் போயிருந்தபோது, திண்ணையில் பலகையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் தெருத்தெருவாக நடந்த தொழில். இப்போது கை சுற்றுகிறவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போது ஒன்றைக் கையில் கொடுத்து, "வெறும் வயித்துல பிடிக்காதீங்க தம்பி" என்றார். நான் அப்போது சிகரெட் பிடிக்கிற ஆள், இதென்ன பெரிய விஷயம் என்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பற்ற வைத்தேன். பாதி கூடப் போகவில்லை. விக்கல் பிடித்துக்கொண்டது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, தலை ஒரு சுற்று. பெரியவர் சிரிக்காமல் உள்ளே போய் ஒரு கட்டி வெல்லம் எடுத்து வந்து கொடுத்தார். அதைச் சப்பிக்கொண்டு அரைமணி நேரம் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் புகையை நெஞ்சுக்குள் இழுக்கவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. சிகரெட் இலையைச் சூட்டறையில் சில நாளில் பதப்படுத்துகிறார்கள். இலையில் சர்க்கரை தங்கிவிடும், புகை கொஞ்சம் அமிலமாக இருக்கும், அதனால் நுரையீரல் வரை போனால்தான் நிகோட்டின் சரியாக ஏறும். சுருட்டு இலை வாரக்கணக்கில் காய்ந்து, அம்பாரமாக அடுக்கிய சூட்டில் தானாக வெந்து, சர்க்கரை போன இலை. அதன் புகை காரத்தன்மை உள்ளது. வாயின் உட்புறத் தோல் வழியாகவே நிகோட்டின் ரத்தத்துக்குப் போய்விடும். ஸ்கூல் வேதியியல் புத்தகம் சொல்கிற காரமும் கடைக்காரர் "இது கொஞ்சம் காரம் சார்" என்கிறபோது சொல்கிற காரமும் இந்த ஒரு இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

சரி, ருசிக்கு வருவோம். பற்ற வைக்காமல் முதலில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். நல்ல சுருட்டில் மழை தொட்டுக் காய்ந்த வைக்கோல் வாசமும், நாக்கு நுனியில் லேசான உப்பும் வரும். பற்ற வைப்பது தீக்குச்சியில்தான், அதுவும் மருந்து எரிந்து முடிந்த பிறகு. முதல் அரை அங்குலம் மிளகு. நுனி நாக்கிலும் மூக்கிலும் சுரீரென்று ஏறும், புதிதாகப் பிடிக்கிற ஆள் இந்த இடத்திலேயே கீழே வைத்துவிடுவார். பொறுத்தால் அந்தக் காட்டம் மெல்ல அடங்கி, வறுத்த கொத்தமல்லி போல ஒரு மணம் எழும். அதற்குள்ளிருந்து கருகின வெல்லம், பாகு அடிப்பிடித்த பாத்திரத்தில் வருமே, அந்தக் கசப்பு கலந்த இனிப்பு. நடு ஒன்றரை அங்குலம் முழுக்க இதுதான். ஒரு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்று போனால் இருபது நிமிடம் கிடைக்கும். அவசரப்பட்டு இழுத்தால் நெருப்பு சூடேறி எல்லாமே வெறும் கசப்பாகிவிடும். கடைசி ஒரு அங்குலத்தில் எனக்கு வேலையில்லை. தார் வாடை வந்துவிடும், உதடும் சுடும். அடிக்கட்டை வரை இழுத்துத் தீர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேறு பசி.

எப்போதும் இப்படி அமையும் என்று நினைத்து வாங்காதீர்கள். 25 கொண்ட கட்டில் நாலைந்து இறுகிப்போய் இழுக்கவே வராது, இரண்டு மூன்று தொளதொளவென்று ஐந்தே நிமிடத்தில் எரிந்து போகும். கையால் சுற்றுவது, தராசில் நிறுத்துச் சுற்றுவதில்லை. ஒரு வருடம் இதற்காகவே கடையை மாற்றி மாற்றிப் பார்த்தேன், எங்கும் இதே கதைதான். சிலர் காதருகே வைத்து உருட்டிச் சத்தம் கேட்பார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நிற்பவர் மதிப்பாகப் பார்ப்பார், மற்றபடி பிரயோசனமில்லை. கட்டைவிரலால் நுனியிலிருந்து அடி வரை அழுத்திக்கொண்டே வருவதுதான் சரியான சோதனை. நடுவில் கல் போல ஒரு முடிச்சு தட்டினால் உள்ளே எடுக்காமல் விட்ட இலைக்காம்பு கிடக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால் தென்னை ஈர்க்கு ஒன்றை நீளவாக்கில் உள்ளே விட்டு வழி எடுப்பேன். பத்தில் ஆறு பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு குறை, அணைந்து அணைந்து போவது. இதற்குச் சுற்றியவரைத் திட்டிப் பயனில்லை, இலை விளைந்த கிணற்றைத்தான் கேட்க வேண்டும். மெல்லுகிற புகையிலைக்கு உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் நல்லது என்பார்கள். அதே தண்ணீர் சுருட்டு இலைக்குப் பாய்ந்தால் இலையில் குளோரைடு கூடி நெருப்பு பிடிக்காது. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என்று சுருட்டின் உள்ளே வைக்கிற இலைக்கென்றே ரகங்கள் உண்டு. அதே வேடசந்தூரில் அரசு புகையிலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. சுருட்டுக்கு ஊர்ப்பெயர் திருச்சி, விளைச்சல் திண்டுக்கல் சீமை.

ஊர்ப்பெயர் என்றதும் ஷெர்லாக் ஹோம்ஸ் ஞாபகம் வராமல் இருக்காது. 1887-இல் வந்த அவருடைய முதல் கதையிலேயே, தரையில் சிந்திக் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். கறுத்து, செதில் செதிலாக இருக்குமாம். நானும் 11 வருடமாகச் சாம்பலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். செதில் விஷயம் உண்மை, அரை அங்குலம் சேர்ந்ததும் வேட்டியில் உதிர்ந்துவிடும். நிறம் மட்டும் ஒரு கட்டு போல இன்னொரு கட்டு இருந்ததில்லை. ஒன்றில் சாம்பல் பூத்த வெள்ளை, அடுத்ததில் அடுப்புக்கரி. என்னை நம்பி யாரையும் கைது செய்ய முடியாது.

பாதுகாப்பு பற்றிச் சொல்ல வேண்டும், இதில் நான் பட்ட அடி அதிகம். க்யூபாச் சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதத்தில் தனிப்பெட்டி வைப்பார்கள். நம்முடையது அவ்வளவு செல்லம் கேட்பதில்லை, இறுக்கமான எவர்சில்வர் சம்படம் போதும். சித்திரை வெயிலில் மேலிலை வெடிக்காமல் இருக்க ஒரு துண்டு வாழைச் சருகை உள்ளே போடுவேன். ஐப்பசி கார்த்திகையில் சருகை எடுத்துவிட்டு வாரம் ஒருமுறை நிழலில் பரப்பி வைப்பேன், இல்லாவிட்டால் பூஞ்சை. பெரிய எதிரி பூச்சிதான். குண்டூசி குத்தினாற்போல் மேலிலையில் ஒரு ஓட்டை தெரிந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று பொருள். மூன்றாவது வருடம் விஷயம் தெரியாமல் சம்படத்தை அடுக்களை மேல்தட்டில் வைத்திருந்தேன். மூடி சரியாக இறுகவில்லை போல. அந்த வண்டுக்குப் புகையிலை மட்டுமல்ல, மல்லி, மிளகாய், மஞ்சள் எல்லாமே சாப்பாடு. ஒரு மாதம் கழித்து, வருடத்துக்கென்று அரைத்து வைத்திருந்த சாம்பார்ப் பொடி டப்பாவில் பொடியோடு பொடியாகப் பழுப்பு வண்டுகள். என் மனைவி அன்று எதுவும் பேசவில்லை. இரண்டு கிலோ பொடியையும் முறத்தில் கொட்டி என் எதிரில் கொண்டு வந்து வைத்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் கண்டுபிடித்த வழி, வாங்கிய கட்டை இரண்டு உறைக்குள் போட்டு ஃப்ரீசரில் ஐந்து நாள் வைப்பது. வண்டும் முட்டையும் செத்துவிடும். உடனே வெளியே எடுக்காமல் ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்து எடுத்தால் மேலிலை வெடிக்காது. ஃப்ரீசரில் இடம் வாங்க நான் நடத்திய பேச்சுவார்த்தையை இங்கே எழுதுவதற்கில்லை.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? அக்கா மகன் துபாயிலிருந்து க்யூபாச் சுருட்டு ஐந்து கொண்டு வந்தான். வழுவழுப்பு, நிதானம், கூடவே ஒரு பாலாடை மணம். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் முக்கால் மணி நேரம் கல்யாண வீட்டில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இன்னொரு முறை இத்தாலியின் டோஸ்கானோ கிடைத்தது. நடு பெருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கியது, அதைப் பாதியாக வெட்டித்தான் பிடிப்பார்களாம். விறகுப் புகையில் பதப்படுத்திய இலை, விறகடுப்பு வாசம். முரடு, வறட்சி, பாசாங்கில்லை. நம்ம சுருட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று தோன்றியது. நிஜமான பங்காளி யாழ்ப்பாணச் சுருட்டு. தென்னம்பொச்சுப் புகை போட்டு, கோடா என்னும் பாகு தடவுகிற வழக்கம் அங்கே. ஒரு நண்பர் தந்ததில் அந்த இனிப்பு எனக்குக் கொஞ்சம் தூக்கல், அவரோ நம்முடையதை வாயில் வைத்துவிட்டு "உப்புச்சப்பில்லை" என்றார். பழக்கம்தான் இதில் பெரிய ருசி.

இனி இந்த அனுபவத்தில் மறைக்கக் கூடாத பகுதி. ஏழெட்டு வருடம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் தினம் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் இழுக்கவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் டாக்டர் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். இடது கன்னத்தின் உள்பக்கம், நான் எப்போதும் சுருட்டை வைக்கிற ஓரத்தில், அரைக்கால் அங்குலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. சதை எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர எட்டு நாள். புற்று இல்லை என்று வந்தது, ஆனால் ஆகக்கூடிய இடம் என்றார். சுருட்டுப் புகை வாயிலேயே தங்குவதால் வாய், நாக்கு, தொண்டைக்குத்தான் முதல் அடி என்பது அன்றுவரை எனக்குத் தெரியாமல் இல்லை, கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் தொடவே இல்லை. திட்டு சுருங்கியது. முழுக்க விடுங்கள் என்றுதான் இப்போதும் டாக்டர் சொல்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று நிற்கிறேன். இதுவரை பிடிக்காத ஒருவர் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கப் போகிறார் என்றால், வேண்டாம் சார். கொத்தமல்லி வாசம் கொத்தமல்லியிலேயே கிடைக்கும்.

வாரத்துக்கு ஒன்று என்றானதில் ஒரு மாற்றம், நாக்குக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. தினசரி பிடித்த காலத்தில் மிளகுக்கும் தாருக்கும் நடுவில் ஒன்றுமே தெரியாமல் போயிருந்தது. மேலே எழுதிய வெல்லம், மல்லி எல்லாம் இரண்டாம் வருடத்தில் தெரிந்து, ஐந்தாம் வருடத்தில் காணாமல் போய், இப்போது மறுபடி கிடைத்தவை.

வாங்கும் அளவும் குறைந்துவிட்டது, கட்டாக வாங்குவதில்லை. போன மாதம் கடையில் கடைக்காரர் இல்லை, அவர் மகன் இருந்தான். பத்து கேட்டேன். அமாவாசைக்கு முந்தின நாள், நெற்றியில் விபூதி வேறு. அவன் எதுவும் கேட்காமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். ஞாயிறு ராத்திரி மாடியில் பிரித்தால் தடித்தடியாகப் பத்து. சரி, வந்தது வந்துவிட்டது என்று ஒன்றைப் பற்ற வைத்தேன். இலை சரியாக வேகாத மாட்டுக்கொட்டகை நெடி, மூன்றாவது இழுப்பில் கண்ணில் தண்ணீர். பாதியில் அணைத்துவிட்டேன். மீதி ஒன்பதையும் மறுநாள் மாற்றிக்கொண்டு வந்தேன். "சாமிக்குன்னு நெனச்சேன் அண்ணே" என்றான்.