38,000 ரூபாய்க்கு நான் படித்த ஸ்பானிஷ்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மேல்மாடியில் நடக்கும் '30 நாளில் ஸ்பானிஷ்' வகுப்பில் சேர யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், காசைக் கட்டமுன் இதை வாசித்துவிடுங்கள். பெயரைப் போடவில்லை. முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அது முடியட்டும்.

கணவர் மட்ரிட்டில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. வாடகை வீடோ பழசு. "பைப் ஒழுகினாலும் சுடுதண்ணி வராட்டிலும் வீட்டுக்காரம்மாவுக்கு நீர்தான் சொல்ல வேணும். அதுக்கு மட்டுமெண்டாலும் பாஷை பழகிக்கொண்டு வாரும்" என்றார். ஸ்பெயினின் 1994ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருக்கும் திருத்தவேலைகள் உரிமையாளரின் பொறுப்பு. பாவனையில் தேய்ந்துபோகும் சின்னத் திருத்தங்கள் மட்டும் எங்கள் தலையில். ஆனால் பழுதை முடிந்தளவு சீக்கிரம் அறிவிக்க வேண்டியது குடியிருப்பவர்தான். அறிவிக்க வாய் வேண்டுமே.

வகுப்பில் 14 பேர். பதிவுக்கு 8,000, மிச்சம் 30,000 ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு. அப்போதே யோசித்திருக்க வேண்டும். 'வீட்டுப் பாவனைச் சொற்கள்' என்று இரண்டு தாள் போட்டோக்கொப்பி தந்தார்கள். "சேர், சிங் அடைச்சுப்போனா எப்பிடிச் சொல்றது?" என்று நான் கேட்டபோதெல்லாம் "அது அடுத்த கிளாஸில வரும் தங்கச்சி" என்பார் படிப்பித்த சேர். கடைசி வகுப்பு வரைக்கும் அந்த அடுத்த கிளாஸ் வரவில்லை.

ஒருநாள் இரவு கணவரோடு கதைக்கும்போது பெருமையாக எடுத்துவிட்டேன்: "ஹுண்டிர் நோ ஃபுன்சியோனா." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "தாழுறது வேலை செய்யேல்லையோ? என்ன தாழுது, கப்பலோ?" தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். வரிசையாக வாசித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் தனித்தனியே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்திருக்கிறார்கள். 'சிங்க்' என்றால் ஆங்கிலத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியும்தான், தாழ்ந்துபோவதும்தான். செயலி இரண்டாவதைத் தந்திருக்கிறது. 'டாப்' என்பதற்குத் தண்ணீர்ப் பைப் வரவில்லை, தட்டுதல் வந்திருக்கிறது. 'லைட்' என்பதற்குப் பாரம் குறைந்தது. உச்சரிப்பு அதைவிட மோசம். ஸ்பானிஷில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ஹெச்' ஊமை; வணக்கம் 'ஓலா', 'ஹோலா' அல்ல. அந்த 'ஹுண்டிர்'கூட உண்மையில் 'உந்தீர்'. குளியலறை 'பாஞோ'. அந்த ஞ எழுத்து எங்களிடமே இருக்கிறது, சேர் மட்டும் 'பானோ' என்றே கடைசிவரை சொன்னார்.

பிறகு கணவரே நாலு வசனம் சொல்லித் தந்தார். பைப் சொட்டுகிறது: எல் கிரிஃபோ கொதேயா. சுடுதண்ணீர் இல்லை: நோ ஐ ஆகுவா கலியெந்தே. நேற்றிலிருந்து: தெஸ்தே அயேர். எப்போது வரலாம்: குவாந்தோ புவேதே பெனீர்? என்ன பழுது, எப்போதிலிருந்து, எப்போது வருவீர்கள். எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவும்தான். மூன்று இரவில் பாடமாகிவிட்டது. இதை முதல் நாளே சொல்லித் தந்திருந்தால் அந்த 38,000 எனக்கு வலித்திருக்காது.

எரிச்சல் என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் ஸ்பானிஷ் படிப்பிக்க இதைவிட லேசான வழி இருக்கிறது. போர்த்துக்கேயர் 1619இலிருந்து 1658 வரை இங்கே ஆண்டார்கள். அவர்களின் சொற்கள் இன்னும் எங்கள் வீட்டுக்குள்தான் புழங்குகின்றன. எங்கள் குசினி ஸ்பானிஷில் கொசீனா. மேசை மேசாதான். அலுமாரி அர்மாரியோ, சப்பாத்து சப்பாத்தோ. போர்த்துக்கேயமும் ஸ்பானிஷும் அக்கா தங்கை மொழிகள். கதிரையில் மட்டும் கவனம்: ஸ்பானிஷில் 'கதேரா' என்றால் இடுப்பு. கதிரை உடைந்துவிட்டது என்று சொல்லப்போய் வீட்டுக்காரம்மா அம்புலன்ஸுக்கு எடுத்துவிடக்கூடும்.

முடிவில் 'ஏ2 சான்றிதழ்' என்று பளபளக்கும் மட்டை ஒன்று தந்தார்கள். ஏ2 என்றால் மொழித் தேர்ச்சியில் கீழிருந்து இரண்டாவது படி. அந்த மட்டத்துக்கு ஸ்பெயின் அரசு தரும் சான்றிதழ் 'தெலே'. அதைக் கல்வி அமைச்சின் பெயரில் வழங்குவது செர்வாந்தெஸ் நிறுவனம். பரீட்சை எழுதாமல் அது வராது. ஒரு மாடிவீட்டுப் பிரிண்டரில் வரவே வராது. வேறு எந்த வகுப்பில் சேர்வதென்றாலும், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். ஒரு வகுப்பு சும்மா இருந்து பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, பற்றுச்சீட்டு 8,000க்குத்தான் இருக்கிறதாம், அதுவும் பதிவுக் கட்டணமாம், திருப்பித் தரமாட்டார்களாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்திருக்கிறேன். முறைப்பாட்டைச் சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்களுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. என்னோடு படித்த மற்றப் 13 பேரும் வங்கியில் காசு போட்ட துண்டையும் அந்த இரண்டு தாளையும் எறிந்துவிடாதீர்கள். சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்போம். எனக்கு எழுதுங்கள்.